பிசிலா கேட்ட படம்

கொலோவாய், டோங்கா
14 மார்ச் 2023

அன்புள்ள தம்பி லிசியாத்தேவுக்கு,

நீ ஜனவரியில் எழுதியதற்கு மார்ச்சில் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பிசிலா பகலில் இருபது நிமிடம் தூங்கினால் அதிகம். அதில் பாதி நேரம் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. "பட்டம் வாங்கின டீச்சர், குழந்தை மூக்குக்குக் கீழ விரலை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கா" என்று உன் மச்சான் மோசேசே சபையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கென்ன, படுத்தால் மரக்கட்டை. போன மாதம் நர்ஸ் எடை பார்த்தபோது அட்டையில் இருக்கும் கோடு மேலே ஏறாமல் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது பல் முளைக்கிறது. அதோடு காய்ச்சல்.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று மோசேசே கேட்கிறார். சொல்லலாம். மழை, கிழங்கு, சபைப் பாட்டு எல்லாம் சொல்லலாம். மற்றதை? அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு சினிமா பார்க்கக்கூடாத வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். உனக்குப் பதினொரு வயது ஆன அன்று உன் பாயைச் சுருட்டிக் கொல்லையில் இருக்கும் பையன்கள் குடிசைக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாளே சமையல் கொட்டகை பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் உன் முதல் சீட்டு கிடந்தது. 'இங்கே பல்லி இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். வாயால் பேசக்கூடாது என்றார்களே தவிர, எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும். டப்பாவை இடம் மாற்றாமலே வைத்திருந்தாள், பாவம்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆக்லாந்திலிருந்து உன் சபைக்காரி வீக்கா வந்திருக்கிறாள். நம் அப்பாவிடம் போய், "உங்க பையன் ரெண்டு ஆம்பளைங்களைப் பெருசா வரைஞ்சு ஊர் பாக்க மாட்டியிருக்கான், அதுல ஒருத்தன் அவனேதான்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நம் வீட்டிலேயே உட்கார்ந்து, நான் இலையில் கட்டி வேகவைத்த லூ சாப்பிட்டாள். மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீயே எழுது. நான் சொன்னா எதுத்துப் பேசுவான். உன் வாயிலேர்ந்து வந்தா தட்டமாட்டான்" என்றார். அந்தப் படம் இருக்கும்வரை நீ இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

படத்தை நான் பார்க்கவில்லை. நான் பார்ப்பதும் முறையில்லை. அதில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் கேட்கவே கூசுகிறது. ஆனால் ஹெமி யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மூன்று வருஷமாக உன் கடிதங்களில் யாரோ சமைக்கிறார்கள், யாரோ உன் சட்டையை அயர்ன் செய்கிறார்கள். பேர் மட்டும் இரண்டு முறைதான் வந்திருக்கிறது. நான் டீச்சர், தம்பி. எழுதாமல் விட்டதைத்தான் முதலில் படிப்பேன்.

ஆகஸ்ட்டில் பிசிலாவுக்கு முதல் பிறந்தநாள். ஊரே வரும். தாய்மாமன் இல்லாமல் யார் குழி வெட்டி உமு அடுப்பு போடுவது? ஆறு வருஷம் ஆயிற்று நீ வந்து. அதனால், அந்தப் படம் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதை எழுதும்போது தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டுகிறது. குழந்தை மடியில் இருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா,
லோசே


ஓட்டாஹூஹூ, ஆக்லாந்து
11 ஏப்ரல் 2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? அதை முதலில் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் புனித வெள்ளிக்கு முந்தின நாள் கிடைத்தது. சனிக்கிழமை போய்ப் படத்தை இறக்கிவிட்டேன். கண்காட்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கும். காட்சிக்கூடத்துப் பெண், "வேற ஏதாவது மாட்டலாமே" என்றாள். வேண்டாம் என்றேன்.

'இல்லாமல் போனால் நல்லது' என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இறக்கி வைத்தால் மட்டும் போதாது என்று புரிந்துகொண்டேன். மேலே வெள்ளை பூசிவிடுகிறேன். மூன்று பூச்சு வேண்டும். வேலை செய்கிற கிடங்கில் இந்த மாதம் விடுப்பு கிடையாது. மே முதல் சனிக்கிழமை தொடங்குகிறேன்.

ஹெமிக்கு இது விளங்கவில்லை. அவன் மவோரிக்காரன். அவனுக்கும் அக்கா தங்கைகள் உண்டு, மரியாதையும் உண்டு, ஆனாலும் விளங்கவில்லை. "அக்கா கேட்டிருக்காங்க, அவ்ளோதானே? முடியாதுன்னு எழுது" என்றான். எங்கள் வீட்டில் அப்பா பெரியவர், அக்கா அவரைவிடப் பெரியவள் என்றேன். அக்கா ஒன்றை ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டால் அதற்கு எதிராக எனக்கு ஒரு சொல்லும் கிடையாது, சின்ன வயதிலிருந்தே கிடையாது என்றேன். "அந்தப் படத்துல நானும் இருக்கேன்ல, என்னை யார் கேக்கறது?" என்றான். துணியைப் பையில் அடுக்கிவிட்டான். ரொட்டோருவாவில் அவன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறான். போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

படத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வது முறையில்லை. எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஹெமி போட்டோ பிடிக்கிறவன். காமிராவை அரிசிக் குக்கர் மேல் வைத்து, பத்து விநாடிக்குத் திருகிவிட்டு வந்து நிற்பான். முதல் படத்தில் இரண்டு பேரும் விறைப்பாக இருப்போம், சபைக்குப் போகிற மாதிரி. இரண்டாவதும் அப்படித்தான். அப்புறம் காமிரா இருப்பதை மறந்துவிடுவோம். அது தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். அப்படி மறந்திருந்தபோது எடுத்த ஒன்றைப் பார்த்துத்தான் வரைந்தேன். நான்கு மாதம் ஆயிற்று. என் முகம்தான் வரவில்லை. கண்ணாடியில் பார்த்த முகம் இல்லை அது. அப்படி ஒரு முகம் எனக்கு இருக்கிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

போகட்டும். ஆகஸ்ட்டில் வருகிறேன். மரியாதைக்கு இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு குழி வெட்டுகிறேன், பன்றி வாட்டுகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். தனியாகத்தான் வருவேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

கீழ்ப்படிந்த தம்பி,
லிசியாத்தே


கொலோவாய்
2 மே 2023

என் தம்பிக்கு,

உன் கடிதம் மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமைதான் வந்தது. படித்துவிட்டுச் சமையல் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை அழுததுகூடக் காதில் விழவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் உத்தரவா போட்டேன்? காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மனதில் வந்ததை ஒரு வரி எழுதினேன். எனக்கு எழுதத் தெரிந்த அளவுக்கு யோசிக்கத் தெரியவில்லை. என் வாயிலிருந்து ஆசை என்று எது வந்தாலும் உனக்கு அது கட்டளை. அது எனக்கு மறந்தே போயிற்று.

மறக்கக் கூடியதா அது? எனக்குப் பதின்மூன்று, உனக்குப் பதினொன்று. அம்மாவிடம்தான் சொன்னேன், உன்னிடம்கூட இல்லை, "கணவாய் தின்னு ரொம்ப நாளாச்சு" என்று. நீ குடிசையிலிருந்து கேட்டிருக்கிறாய். கொட்டுகிற மழையில் பாறைத்திட்டுக்குப் போய், உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு, ஒரு கணவாயோடு வந்து நின்றாய். பாயெல்லாம் ரத்தம். ஏழு தையல். அன்றைக்கு முடிவு பண்ணினேன், உன் காதுபட எதற்கும் ஆசைப்படக் கூடாது என்று. பதினெட்டு வருஷம் காப்பாற்றினேன், தெரியுமா? உன்னிடம் ஒரு செருப்பு வாங்கி அனுப்பு என்றுகூடக் கேட்டதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ திட்டினாலும் சரி.

உன் கடித உறையில் ஒரு போட்டோவும் இருந்தது. நீ வைத்திருக்க மாட்டாய். ஹெமிதான் வைத்திருக்க வேண்டும். பின்பக்கம் 'இது அந்தப் படம்' என்று ஒரே வரி. உன் எழுத்து இல்லை. நான் அதைத் திருப்பாமல், கவிழ்த்தபடி, பிசிலாவின் பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது அங்கேயே கிடந்தது. பிரசங்கத்தில் ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. என்னென்னவோ கற்பனை செய்தேன். நேற்று மோசேசே பவுடரை எடுத்தபோது அது தரையில் விழுந்து நிமிர்ந்துகொண்டது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "உன் தம்பிக்கு முடி வெட்டி விட ஆள் இருக்கு. எனக்குத்தான் யாருமில்ல" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் பார்த்தேன்.

நீ வரைந்த படத்தின் போட்டோ. ஒரு சமையலறை நாற்காலி. கழுத்தில் துண்டு. நீ உட்கார்ந்திருக்கிறாய், பின்னால் அவன் நிற்கிறான். ஒரு கையில் கத்தரி. இன்னொரு கை உன் உச்சந்தலையில் பரந்து இருக்கிறது, ஒரு பழத்தைப் பிடிக்கிற மாதிரி. நீ கண்ணை மூடியிருக்கிறாய். இவ்வளவுதான். இதற்காகவா நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபம் இல்லை.

அந்த முகம் உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா அப்பாவைக் கொல்லையில் உட்கார வைத்து முடி வெட்டுவாளே, நினைவிருக்கிறதா? பிள்ளைகள் அப்பா தலையைத் தொடக்கூடாது, பக்கத்திலும் போகக்கூடாது. நாம் மரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்போம். ஊரையே அதட்டுகிற மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, கொடுத்த பக்கமெல்லாம் தலையைச் சாய்ப்பார். அது அப்பாவின் முகம், தம்பி. வாரத்துக்கு அரை மணி நேரம் மட்டும் வரும் முகம். அம்மா போனதிலிருந்து அவர் முடி காதை மூடித் தொங்குகிறது. நாங்கள் தொடக்கூடாது. டவுனில் அந்நியன் கையில் தலையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

படத்தில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. போட்டோ சின்னது, கண்ணுக்கு எட்டவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தேன். 'மழை வருகிறது. உன் சட்டையை எடுத்துவிட்டேன்.' என் பதின்மூன்று வயது எழுத்து. அதையா இத்தனை வருஷம் வைத்திருக்கிறாய்? அதன் மேலேயா வெள்ளை பூசப் போகிறாய்?

நான் சொன்னதை மாற்றிச் சொல்லலாம். ஆனால் அப்பா வேறு யாரையாவது பிடித்து உன்னிடம் அனுப்புவார், மறுபடி ஆரம்பிக்கும். அதனால் வேறொன்று செய்கிறேன். இதை ஹெமிக்குப் படித்துக் காட்டு, அவனுக்கும் விளங்கட்டும். எங்கள் ஊரில் அக்காவின் பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டில் எது பிடித்தாலும் எடுத்துக்கொள்ளலாம். பன்றியோ, பாயோ, படகோ. கேட்க வேண்டியதில்லை. மாமன் ஏன் என்று கேட்கக் கூடாது. தாத்தா குறுக்கே வரக் கூடாது. ஃபாஹு என்பது அதுதான். ராஜாக்களுக்கும் முந்தின வழக்கம், அப்பாவே சபையில் நின்று பெருமையாகச் சொல்கிற வழக்கம்.

பிசிலா அந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறாள். போட்டோவைக் காட்டினேன், கையை நீட்டினாள். பிறகு வாயில் வைத்துக்கொண்டாள். அது அவளுடையது. அவளுடைய பொருள் மேல் வெள்ளை பூச நீ யார்?

வீக்கா ஈஸ்டர் முடிந்தும் போகாமல் இங்கேயே இருந்தாள். வியாழக்கிழமை விமானத்தில் திரும்புகிறாள். அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், ஒட்டி, மேலே நூலும் சுற்றி. வெள்ளிக்கிழமையே உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டது. இரண்டு பல் வந்துவிட்டது. கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது.

அக்கா


ஓட்டாஹூஹூ
8 மே 2023

என் மருமகள் பிசிலா அவர்களுக்கு,

உங்கள் அம்மா கையால் நீங்கள் அனுப்பிய உத்தரவு கிடைத்தது. வீக்கா வெள்ளிக்கிழமை வரவில்லை. உறவுக்காரர் வீடெல்லாம் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்த பிறகுதான் கொண்டுவந்தாள். நூல் அவிழாமல்தான் இருந்தது. அவிழ்க்கப் பார்த்த அடையாளம் மட்டும் இருந்தது.

நான் சனிக்கிழமை தொடங்கிவிட்டேன். மன்னிக்க வேண்டும். வழக்கமாக மேலிருந்துதான் பூசுவேன். இந்த முறை முகத்தில் தொடங்கக் கை வரவில்லை. அதனால் கீழிருந்து ஆரம்பித்தேன். தரை போய்விட்டது. நாற்காலிக் கால்கள் போய்விட்டன. என் கால்கள் முழங்கால் வரை போய்விட்டன, அந்தத் தையல் போட்ட காலும்தான். துண்டின் நுனி வந்ததும் பிரஷ் காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிறுத்தினேன். அது காயவில்லை.

கைகள் இருக்கின்றன. கத்தரி இருக்கிறது. சீட்டு இருக்கிறது.

போனதை மறுபடி வரைந்து தரலாமா என்று யோசித்தேன். ஆனால் இப்போது அது உங்கள் பொருள். நீங்கள் சொல்லாமல் நான் கை வைக்கக் கூடாது. பாதி மேகத்தில் மிதப்பது போல இருக்கிறோம் என்று ஹெமி சொல்கிறான். ஆமாம், அவன் வந்துவிட்டான். ஞாயிறு சாயங்காலம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், போனில்தான். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். போட்டோவை ஏன் வைத்தாய் என்று கேட்டேன். "அக்கா வார்த்தைக்கு நீ கட்டுப்பட்டவன். நான் கட்டுப்பட்டவன் இல்லையே" என்றான்.

உங்கள் அம்மா அதைப் பார்த்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. ஆனால் அந்த முகம் யாருடையது என்று சொன்னார்களே, அதைப் படித்த பிறகு கிடங்கில் லாரி ஏற்றும்போதும் அதே நினைவு. நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரே ஒரு சிக்கல். படம் ஒரு கதவு அளவு. கப்பலில் அனுப்பினால் ஈரம் பிடிக்கும், விமானத்தில் கூடவே வர வேண்டும். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நான் ஒருவன்தான் வருவதாகச் சொல்லியிருந்தேன். என்ன செய்யட்டும் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தாய்மாமன்,
லிசியாத்தே


கொலோவாய்
4 ஜூன் 2023

தம்பிக்கு,

பிசிலாவுக்கு இன்னும் எழுதத் தெரியாததால் நானே எழுதுகிறேன். நேற்று அவள் முதல் முறையாக எதையும் பிடிக்காமல் நின்றாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அவள் விழவில்லை. நான்தான் வியர்த்துப்போனேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். படத்தைப் பிசிலா எடுத்துக்கொண்டாள் என்றேன். "யார் எடுத்தா?" என்று இரண்டு தடவை கேட்டார். மடியில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன். அவர் எழுந்துகொண்டார். கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார். அதற்குள் நான் போட்டோவை மேஜை மேல் நிமிர்த்தியே வைத்திருந்தேன், அவர் கண்ணாடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

அடுப்படியிலிருந்து பார்த்தேன். நின்றபடியே எடுத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "கத்தரிய இப்படியா பிடிக்கறது. காது போயிடும்" என்றார். பின்கழுத்து முடியைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை, நீயும் எதிர்பார்க்காதே. பிறந்தநாள் அன்று படம் மாட்டுகிற சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாராம். உட்காரட்டும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தானே நாம் வளர்ந்தோம்.

படத்தை முன் அறையில் மாட்டுகிறோம். மோசேசே ஆணி அடித்துவிட்டார், கோணலாக. நீ பார்க்க உள்ளே வரும்போது நான் சமையல் கொட்டகையில் இருப்பேன். நீ போன பிறகு நான் பார்ப்பேன். சீட்டு எழுத வேண்டியிருந்தால் பிஸ்கட் டப்பா அங்கேயேதான் இருக்கிறது. துரு ஏறிவிட்டது, ஆனால் இருக்கிறது.

வெள்ளையைத் தொடாதே. பிசிலா அப்படியே எடுத்துக்கொள்கிறாள். அவள் பெரியவளானதும் ஏன் மாமாவுக்குக் கால் இல்லை என்று கேட்பாள். நான் என்ன பிழை செய்தேன் என்று அப்போது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். பதினெட்டு வருஷமாக உன்னிடம் எதுவும் சொல்லாமல் இருந்தேன், ஒருமுறை சொல்லிக் கெடுத்தேன். இப்போது நன்றாக யோசித்து, குழந்தை தூங்கும்போது, காய்ச்சல் இல்லாமல் எழுதுகிறேன். இது ஆசை இல்லை, யோசனையும் இல்லை. உன் அக்கா சொல்கிறேன்: இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கொல்லைக் குடிசையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். பாய் இரண்டு விரித்தாயிற்று. பல்லி இன்னும் இருக்கிறது. ஹெமியிடம் சொல்லி வை.

லோசே